திருநீறு பூசிய வால்வுகள்

மலேசிய விமான நிலையத்தின் சுங்கச் சோதனையில் நின்ற பெண் அதிகாரி என் எவர்சில்வர் டிபன் டப்பாவைத் திறந்தார். பஞ்சை விலக்கி உள்ளே இருந்ததைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன இது?"

"வால்வு. பழைய ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் கண்ணாடிக் குழல்."

"உடைந்திருக்கிறதே."

"ஆமாம்."

"உடைந்ததை எதற்கு இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறீர்கள்?"

அவர் ஆங்கிலத்தில் கேட்டார். "மாதிரிக்கு" என்று சொல்லிவைத்தேன். இந்த ஆளுக்கு நேரம் சரியில்லை என்று நினைத்திருப்பார். பஞ்சைத் திரும்ப அமுக்கி, டப்பாவை மூடி, போகச் சொல்லிவிட்டார்.

அவரிடம் சொல்லாத பதிலை இங்கே சொல்கிறேன். கோயம்புத்தூரில் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்களைப் பழுது பார்க்கும் சின்னக் கடை ஒன்று எனக்கு இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன் சாரதா டீச்சர், காலமான தன் கணவர் வைத்திருந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். லேசாக இரைகிறது, பாருங்கள் என்றார். அதில் நாலு பெரிய வால்வுகள், இ.எல். 34 என்ற வகை. சத்தத்துக்கு வலுக் கொடுப்பவை அவைதான். நாலின் கண்ணாடியிலும் ஒரே மேனாட்டுப் பெயர், ஒரே மஞ்சள் எழுத்து. வால்வைக் கழற்றும் முன் கால் மணி நேரமாவது சூடு ஆற விடவேண்டும். எனக்கு அந்தக் கால் மணி நேரம் பொறுக்கவில்லை. ஈரத்துணியால் ஒன்றைப் பிடித்து இழுத்தேன். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கண்ணாடியின் மேல்பாதி என் கையில், கீழ்ப்பாதி குழியில்.

டீச்சரிடம், "ஒரு பார்ட் வெளிநாட்டுல இருந்து வரணுங்க" என்றேன். அன்று ஆரம்பித்த பொய்க்கு இரண்டு மாத வயது. டீச்சர் ஞாயிறுதோறும் போன் செய்வார். "அவசரமில்லைங்க பழனிசாமி, வரும்போது வரட்டும்" என்பார். அதற்குப் பதில் அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

உடைந்ததைத் துடைத்தெடுத்துப் பஞ்சில் பொதிந்து டப்பாவில் போட்டு மூடியதோடு சரி, அதைத் திரும்பிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. கடையில் விட்டுவரவும் முடியாது. நான் ஊரில் இல்லாதபோது கடையைப் பெருக்க என் மனைவி வருவாள். அவளும் டீச்சரும் ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள். அதனால்தான் உடைந்த வால்வு என்னோடு விமானம் ஏறியது.

மலேசியாவுக்கு வந்ததற்குக் காரணம் ஒரு புகைப்படம். குவாலா சிலாங்கூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காஜா பாய்க்குப் பழைய ரேடியோ சேர்க்கும் கிறுக்கு. எங்களைப் போன்றவர்களின் போன் குழுவில் அவர் ஒரு படம் போட்டிருந்தார். பிஸ்கட் டின் நிறைய வால்வுகள். ஒன்றிலும் பெயர் இல்லை, எண் இல்லை. எல்லாவற்றின் நெற்றியிலும் சந்தனமும் குங்குமமும். 'தோட்டத்துக் கோயில் செட்டோட சாமான், யாருக்காச்சும் அடையாளம் தெரியுமா?' என்று கேட்டிருந்தார். டின்னின் ஓரத்தில் இரண்டின் உயரமும் இடுப்பும் எனக்குத் தெரிந்த இடுப்பாக இருந்தன. பெயர் அடித்த வால்வுகள் வலைத்தளத்தில் எத்தனையோ கிடைக்கின்றன, ஆனால் அவற்றில் பாதி போலி. கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்குவதில்லை என்பது என் கொள்கை. அப்படித்தான் ஊரில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதல் நாளே ஒரு கூத்து. ரவாங்கில் பஸ் மாறவேண்டும். பலகையில் 'குவாலா' என்று கண்ணில் பட்டதும் ஏறி, ஜன்னல் ஓரம் பிடித்து உட்கார்ந்துவிட்டேன். பாதி வழியில் பக்கத்து இருக்கைப் பெண் என் போனில் இருந்த முகவரியை எட்டிப் பார்த்தார். மடியில் காய்கறிப் பை வைத்திருந்தார்.

"அண்ணே, நீங்க சிலாங்கூருல்ல போவணும்? இது குவாலா குபு போற பஸ்ஸு லா." எந்தப் பேச்சின் வாலிலும் ஒரு 'லா' ஒட்டுவது அந்த ஊர் வழக்கம்.

"ரெண்டும் பக்கத்துல இல்லீங்களா?"

"எங்கண்ணே பக்கத்துல! அது கடல் பக்கம், இது மலைப் பக்கம். போர்ட முழுசாப் படிக்கலையா?"

புக்கிட் செந்தோசாவில் இறங்கினேன். காஜா பாய்க்குப் போன் செய்தேன். அவர் மூன்று நிமிடம் சிரித்துவிட்டு, இருங்கள், வருகிறேன் என்றார். வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி கேட், வாசலில் ஒரே மாதிரி கார். இங்கே எனக்கு ஒரு வீடு இருந்தால் அதைக் கண்டுபிடிக்கவே ஒரு வாரம் பிடிக்கும். ஒரு தள்ளுவண்டியில் நாசி லெமாக் வாங்கித் தின்றேன். தேங்காய்ப் பாலில் வெந்த சோறு, மேலே இனிக்கிற மாதிரி ஏமாற்றிவிட்டுப் பிறகு காதைப் பொசுக்கும் சம்பல், வறுத்த நெத்திலி. நம் ஊரில் தேங்காய்ச் சாதத்துக்கு இப்படி ஒரு துணை கிடையாது. ஆனால் உட்கார்ந்து ருசிக்க என்னால் முடியவில்லை. நின்றபடி தின்று, ரோட்டைப் பார்த்து, மணியைப் பார்த்து, இன்னொன்று வாங்கி அதையும் நின்றபடி தின்றேன்.

காஜா பாய் வந்து சேர்ந்தபோது மதியம் தாண்டியிருந்தது. அறுபதை நெருங்கும் வயது, வெள்ளைத் தொப்பி, சட்டைப் பையில் ஒரு டெஸ்டர். அவருடைய அத்தா கீழக்கரைப் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தவராம். "வாங்கண்ணே, தே தாரிக் குடிச்சாத்தான் ஒங்க படபடப்பு அடங்கும்" என்றார். அடங்கவில்லை. ஆனால் அவர் கடை டீயைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன். நம் ஊர் டம்ளரைப்போல் மூன்று மடங்கு குவளை. மேலே நுரை, அடியில் குழைந்த இனிப்புப் பால். கடை மாடியிலேயே எனக்கு ஒரு அறை ஒழித்துக் கொடுத்திருந்தார்.

"டின்னு எப்பங்க பாக்கலாம்?" என்றேன், குவளையைக் கீழே வைப்பதற்குள்.

"நாளைக்கு முடியாது. மங்கை ஸ்கூல் வேன் ஓட்டுது. அதுக்கு நாளைக்கு ரெண்டு டிரிப். நாளன்னிக்குத்தான்."

மங்கை தோட்டத்துக் கோயிலின் செயலாளர். ஒலிபெருக்கிச் செட்டுக்குப் பொறுப்பும் அவர்தான். நாலைந்து நாளில் திருவிழா வருகிறது. செட்டில் ஒரு பெரிய வால்வு செத்துவிட்டது. போன வருடமும் இப்படித்தான் ஆகி, டின்னிலிருந்து ஒத்த உயரமாக ஒன்றை எடுத்துச் செருகியிருக்கிறார்கள். அர்ச்சனை நடுவில் புகை கிளம்பி, கூட்டம் தீ விபத்து என்று ஓடியிருக்கிறது. இந்த வருடமும் புகைந்தால் செட்டைத் தூக்கிப் போடப் போவதாகக் கமிட்டியில் நாலு பேர் காத்திருக்கிறார்கள். எனவே பேச்சு இப்படி முடிந்தது. டின்னில் உள்ளவற்றை நான் ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு எழுதிக் கொடுக்கவேண்டும். பதிலுக்கு ஒரு இ.எல். 34 எனக்கு. கோயில் சாமானை விற்க மாட்டோம், உபகாரத்துக்கு உபகாரம் என்று மங்கை சொல்லியிருந்தார்.

இரண்டாம் நாளை ஓட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. காலையில் பாசிர் பெனம்பாங்குக்கு நடந்தேன். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் மீன்பிடி கிராமம். படகுகளிலிருந்து கூடை கூடையாக இறால் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு சீனப் பெரியவர் நண்டுகளின் கால்களை வைக்கோல் நிறக் கயிற்றால் கட்டிக்கொண்டே பக்கத்துக் கடைக்காரியிடம் மலாயில் ஏதோ கத்தினார். உடன் வந்த காஜா பாயிடம் என்ன என்று கேட்டேன். "'நீ கட்டுற நண்டு பாதி வழியில அவுந்துக்கிட்டு நடந்து போவுது'ன்னு சொல்றாரு" என்றார். அந்த அம்மாளும் சும்மா விடவில்லை. "உன் நண்டு செத்துப்போனது, அதனால் நடக்காது" என்றாராம்.

மின்மினிப் பூச்சி பார்க்கப் படகு போகிறது, வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் அதற்குத்தான் வருகிறார்கள் என்றார்கள். எனக்கு அதில் மனம் போகவில்லை. பதிலுக்கு மெலாவாத்தி குன்றில் ஏறினேன். அங்கே குரங்குகள். கறுப்பு ரோமத்துக் குரங்குகள் பரம சாது, தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொள்கின்றன. இன்னொரு ஜாதி இருக்கிறது, நீண்ட வால்காரன், நம் மருதமலைக் கூட்டத்துக்குச் சொந்தக்காரன். அவன் என் துணிப்பையைப் பிடுங்கிக்கொண்டு சுவரில் ஏறிவிட்டான். பையில் டிபன் டப்பா.

"டப்பால என்னண்ணே, பலகாரமா?" என்று கீழே பலூன் விற்ற தமிழ்ப் பையன் கேட்டான்.

நான் பதில் சொல்வதற்குள் குரங்கு மூடியைக் கழற்றிவிட்டது. பஞ்சை எடுத்துக் கடித்துத் துப்பியது. உடைந்த வால்வை வெளியே எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பி, முகர்ந்து, அடிப்பக்கத்தை ஒரு நகை மதிப்பீட்டாளர்போல வெகு நேரம் ஆராய்ந்தது. பிறகு புல்லில் வீசியது. நான் ஓடிப்போய் அதைப் பார்க்காமலேயே கைக்குட்டையில் சுருட்டி டப்பாவில் அடைத்தேன். குரங்கு பார்த்த அளவுகூட நான் அதைப் பார்த்திருக்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாம் நாள், பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு மங்கை தன் மஞ்சள் வேனோடு வந்தார். ஐம்பது வயதிருக்கும். தலையில் கறுப்புக் கண்ணாடியைத் தூக்கி வைத்திருந்தார்.

"வாங்கண்ணே, ஏறுங்க. பாய், நீங்க பின்னால. ஐஸ் பெட்டிய எதுக்குத் தூக்கிட்டு வர்றீங்க?"

"மீன் வாங்கிருக்கேன் மங்கை. திரும்பறப்ப தங்கச்சி வீட்டுல குடுக்கணும்."

"வேன்ல மீன் வாடை வந்துச்சுன்னா பிள்ளைங்க ஒரு வாரத்துக்கு என்னைய வெச்சி செய்யும் லா."

பிள்ளைகளுக்கான குட்டி இருக்கையில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தேன். இருபுறமும் செம்பனை, எண்ணெய் எடுக்கும் பனை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே மரம், அதே இடைவெளி. முன்னால் ஒரு லாரி செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு ஊர்ந்தது. வளைவில் ஒரு குலை உருண்டு நடுரோட்டில் விழுந்தது. மங்கை பிரேக் போட்டார், இறங்கினார், முள் குத்தாமல் காலால் குலையை ஓரம் தள்ளினார், லாரிக்காரனுக்கு ஹாரன் அடித்து ஒரு வசவும் அனுப்பினார். எல்லாம் அரை நிமிடத்தில். எனக்கு அவர் மேல் மரியாதை வந்துவிட்டது.

கோயில், தோட்டத்தின் நடுவே, தொழிலாளர் வரிசை வீடுகளான இரண்டு பழைய லயங்களுக்கு எதிரில் இருந்தது. லயத்து வீடுகளில் இப்போது வங்காளதேசத் தொழிலாளர்கள். பந்தல் வேலை நடந்துகொண்டிருந்தது. மங்கை பிறந்தது அந்த லயத்தில்தானாம், இருப்பது டவுனில்.

"ஏன் இந்தப் பழைய செட்டையே கட்டி அழுவுறீங்கம்மா? புதுசு வாங்கலாமே?"

"மூணு புதுசு வாங்கியாச்சுண்ணே. ஒண்ணு மழையில போச்சு. ஒண்ணு இடியில போச்சு. ஒண்ணுல பல்லி போய்ப் படுத்துக்குச்சு. இது மட்டுந்தான் எதுக்கும் அசர மாட்டேங்குது."

டின்னை என் முன்னால் வைத்தார். இருபத்திரண்டு வால்வுகள். கண்ணாடிகள் எல்லாம் பளபளவென்று மின்னின. ஒன்றிலும் ஓர் எழுத்து இல்லை.

"இவ்வளவு சுத்தமா எப்படிங்க அழிஞ்சுது?"

"அழியலண்ணே. நாங்கதான் தொடச்சோம். ஆயுத பூஜைக்கு எல்லாச் சாமானையும் கழுவித் தொடச்சிப் பூஜை போடுவோமில்ல? வால்வைக் கழுவக் கூடாதுன்னு மின்சார வேலை செஞ்சவர் ஒருத்தர் சொன்னாரு. அதனால திருநீறு போட்டு நல்லாத் தேச்சுத் தொடச்சிட்டுப் பொட்டு வெப்போம். வருசா வருசம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இந்த வால்வுகளில் அடித்த எழுத்து விரல் பட்டாலே உதிரும். அதற்குப் பயந்து நாங்கள் துணிகூடப் போடாமல் தூசியோடு வைத்திருப்போம். இவர்கள் பக்தியோடு வருடா வருடம் சாம்பல் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள்.

சரி என்று வேலையில் இறங்கினேன். முதலில் அடியில் உள்ள கால்களை எண்ணினேன், உயரம் பார்த்தேன், உள்ளே இருந்த தகடுகளின் வடிவம் பார்த்தேன். உச்சியில் வெள்ளிப் பூச்சு இருக்கும். அது பால்போல வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, தூக்கிப் போடவேண்டியதுதான். அப்படி மூன்று கழிந்தன. போன வருடம் புகைத்த ஆசாமியும் அகப்பட்டான். வீட்டுக் கரண்டை ஒரே திசையில் ஓடவைக்கும் வால்வு அது. அதற்கும் எட்டுக் கால், அதே கறுப்பு அடி, ஆனால் உள்ளே சல்லடைக் கம்பிகள் கிடையாது. உற்றுப் பார்த்தால் தெரியும். அர்ச்சனை நடுவில் யார் உற்றுப் பார்ப்பார்கள்?

சின்ன வால்வுகளில்தான் திண்டாட்டம். அடித்த எழுத்து போனாலும் அது இருந்த இடம் கண்ணாடியில் இருக்கும். வாயால் ஊதினால் ஆவி படிந்து, எழுத்தின் நிழல் ஒரு கணம் தோன்றி மறையும். ஒன்றை எடுத்து ஹா என்று ஊதினேன்.

"என்னண்ணே, மந்திரிக்கிறீங்களா?" என்றார் மங்கை.

"எழுத்து தெரியுதான்னு பாக்கறேனுங்க."

ஏழாவது வால்வில் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. காஜா பாய் எழுந்து போனார். தன் ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்தார். மீனை ஒதுக்கி, சின்ன வால்வுகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஐஸ் மேல் வைத்தார். பத்து நிமிடம் கழித்து ஒன்றை எடுத்தால், அந்த ஊர்க் காற்றின் ஈரத்தில் கண்ணாடி தானாகவே வியர்த்தது. வியர்வைக்கு நடுவே எழுத்துகள் தெளிவாக, நின்று நிதானமாகத் தெரிந்தன. கோயம்புத்தூர்க் காற்றில் இது நடக்காது. முப்பது வருடமாக நான் ஊதிக்கொண்டிருக்கிறேன்.

"பேரு வந்துருச்சு மங்கை!" என்று பாய் குதித்தார். "அண்ணே, இது பெரிய கம்பெனிப் பேருல்ல?"

இங்கே நான் கொஞ்சம் உபதேசம் செய்தேன். செய்யாமல் இருந்திருக்கலாம். "பேரை மட்டும் நம்பாதீங்க பாய். பேரை யாரு வேணும்னாலும் அடிக்கலாம். அச்சு ஆபீஸ்ல குடுத்தா நமக்கே அடிச்சுக் குடுத்துருவான். பாக்க வேண்டியது அடியில. அடிக் கண்ணாடியில, கறுப்பு அடிக்குப் பக்கத்துல, ரெண்டு வரி பொறிச்சிருப்பாங்க. மேல் வரி வகை. கீழ் வரியில மொதல் எழுத்து தொழிற்சாலை, அப்புறம் வருசம், மாசம், வாரம். அது பொறிச்சது, அழியாது, யாரும் மாத்தவும் முடியாது."

"அது எங்கண்ணே இருக்கு?" மங்கை பெரிய வால்வுகளில் ஒன்றை எடுத்துத் திருப்பினார். "இந்த வெள்ளையா இருக்கே, இதா?"

வாங்கிப் பார்த்தேன். பொறித்த குறி சாம்பல் நிறத்தில் மங்கலாக இருக்கும். கண்ணாடி போட்டு, டார்ச் அடித்து, கழுத்து வலிக்கத் தேடவேண்டும். இதில் அப்படி இல்லை. வருடா வருடம் தேய்த்த திருநீறு மேலே இருந்த பெயரைத் துடைத்தெடுத்துவிட்டு, அடியில் பொறித்த வரிகளுக்குள் போய் நிரம்பியிருந்தது. எழுத்துகள் பளிச்சென்று வெள்ளையாக நின்றன. கீழ் வரியின் முதல் எழுத்து பி. டீச்சர் பெட்டியில் மிச்சமிருக்கும் மூன்றின் படம் என் போனில் இருந்தது. மூன்றிலும் அதே பி. நான் எழுந்து நின்றுவிட்டேன். இன்னொன்றையும் பார்த்தேன். அதுவும் பி.

"என்னண்ணே, நல்லதா கெட்டதா? மூஞ்சியப் பாத்தா ஒண்ணும் தெரியலையே!"

"ரொம்ப நல்லதுங்கம்மா. ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எனக்கு."

செட்டில் ஒன்றைச் செருகினேன். சுவிட்சைப் போட்ட கையோடு மைக்கை எடுத்தேன். மங்கை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். "சூடாவட்டும் லா! எங்க ஓடப் போகுது?" இருவரும் தகட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். இழை சிவந்தது. தகடு சிவந்தால்தான் ஆபத்து, அது சிவக்கவில்லை. புகை இல்லை, இரைச்சல் இல்லை. அவர் நிதானமாக மைக்கில் சொன்னார்: "ஹலோ, ஹலோ. பந்தல் வேலை செய்றவங்க எல்லாரும் வந்து சாப்பிடுங்க." மரத்தில் கட்டியிருந்த குழாயிலிருந்து அது செம்பனைக்குள் போய்த் திரும்பி வந்தது. லயத்து வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த வங்காளதேச இளைஞர் ஒருவர் பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். மங்கையின் கண் கலங்கியிருந்தது. கமிட்டியில் காத்திருந்த நாலு பேருக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கும்.

மிச்சமிருந்த பதினேழு நல்ல வால்வுகளுக்கும் பெயர் எழுதி நூலில் கட்டினேன். புறப்படும்போது மங்கை ஒரு பொட்டலம் திருநீறு கொடுத்தார். "ஊருக்குப் போறவரைக்கும் பத்திரமா வெச்சுக்குங்கண்ணே."

நாலாம் நாள் காலை, காஜா பாய் கடை மாடியில் மூட்டை கட்டினேன். கீழே ரொட்டி சானாய் அடிக்கும் சத்தம். வந்த காரியம் முடிந்தது. புது வால்வைப் போட்டுக் கொடுத்துவிடலாம், டீச்சருக்கு எதுவுமே தெரியவேண்டாம். நிம்மதியாக இருந்திருக்கவேண்டும், ஆனால் இல்லை. அறைக்குள் அங்குமிங்கும் நடந்தேன். உடைந்ததை இங்கேயே குப்பையில் போட்டுவிட்டுப் போகலாம் என்று டப்பாவைத் திறந்தேன்.

கைக்குட்டையை அவிழ்த்ததும் கை தானாகத் திருநீற்றுப் பொட்டலத்துக்குப் போனது. தொழில் புத்தி. ஒரு சிட்டிகை எடுத்து, உடையாமல் எஞ்சியிருந்த அடிக் கண்ணாடியில் தேய்த்துத் துடைத்தேன். எழுத்து வரவில்லை. இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். முழு வட்டமும் திருப்பிப் பார்த்தேன். வழவழவென்று வெறும் கண்ணாடி. ஜன்னலோரம் போய் உள்ளே பார்த்தேன். தகடு மடித்த விதமே வேறு. அந்தத் தொழிற்சாலையில் செய்ததே இல்லை இது. வேறெங்கோ செய்த மலிவுச் சரக்கில் மஞ்சள் மையில் பெயர் அடித்திருக்கிறார்கள். இரண்டு மாதமாக என் தூக்கத்தைக் கெடுத்தது ஒரு போலி.

எனக்கு வந்தது முதலில் கோபம், கூடவே ஒரு ஆறுதல், மறைக்காமல் சொல்கிறேன். உண்மையைச் சொல்ல இப்போது தைரியம் இருந்தது. போனை எடுத்தேன். கோயம்புத்தூரில் அப்போதுதான் விடிந்திருக்கும். டீச்சர் முதல் மணியிலேயே எடுத்தார்.

"சொல்லுங்க பழனிசாமி. மலேசியாவுல இருக்கீங்களாமா, வீட்டுல சொன்னாங்க."

"டீச்சர், பார்ட் வரணும்னு சொன்னது பொய்ங்க. பெரிய வால்வு ஒண்ணை நான்தான் உடைச்சுட்டேன். சூடு ஆறுறதுக்குள்ள புடுங்கிட்டேன்."

மறுமுனையில் குக்கர் விசில் அடித்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"எதுங்க உடைஞ்சது? எந்த இடத்துல இருந்தது?"

"வலது கடைசிங்க. ஆனா அது அசலே இல்லைங்க டீச்சர். இப்பத்தான் பாத்தேன். அடியில குறியே இல்லை, மேல பேரு மட்டும் அடிச்சிருக்காங்க. யாரோ சாரை நல்லா ஏமாத்திட்டாங்க."

"வலது கடைசியா?" என்றார். "அது அவரு வாங்குனதில்லீங்களே. அதை நீங்கதானுங்க மாத்திக் குடுத்தீங்க."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஒன்பது வருசம் ஆச்சுங்க. அந்த இடத்துல இருந்தது போயிருச்சுன்னு ரெண்டு பேரும் உங்க கடைக்குத்தான் வந்தோம். சிவப்பு அட்டைப் பெட்டியில இருந்து எடுத்துப் போட்டீங்க. அசல், ஜோடி மாறாதுன்னு சொன்னீங்க. ஏதோ கல்யாணத்துக்குப் போக அவசரம் உங்களுக்கு, ஷட்டரை இழுத்துக்கிட்டே பேசுனீங்க."

சிவப்புப் பெட்டி ஞாபகம் வந்தது. கல்யாணம் ஞாபகம் வந்தது, மாமன் மகள் கல்யாணம். மஞ்சள் எழுத்தைப் பார்த்தேன், போட்டேன். அடியில் திருப்பிப் பார்த்த ஞாபகம் மட்டும் எவ்வளவு தேடியும் வரவில்லை.

"லேசா இரைச்சல் அப்பவே இருந்ததுங்க," என்றார் டீச்சர். குரலில் கோபம் இல்லை. வகுப்பில் கணக்கின் அடுத்த வரியைச் சொல்வதுபோல் சொன்னார். "திருப்பிக் கொண்டுபோய்க் காட்டலாம்னு நான் சொன்னேன். அவருதான் வேண்டாம்னாரு. பழனிசாமி பாத்துப் போட்டது, சரியாத்தான் இருக்கும், நம்ம காதுக்குத்தான் வயசாயிருச்சுன்னாரு. கடைசி வரைக்கும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தாரு."

"டீச்சர்," என்றேன். கீழே யாரோ ரொட்டிக்குக் குழம்பு கேட்டார்கள்.

அவரே கேட்டார். "இப்ப ஏதாச்சும் கிடைச்சுதுங்களா?"

"கிடைச்சுதுங்க. கோயில்ல குடுத்தாங்க."

"பாத்தீங்களா?"

"பாத்தேனுங்க. பேரு இல்லை, அழிஞ்சுருச்சு. அடியில பாத்தேன்."

"சரி. இன்னொரு தடவை பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

போனைக் காதிலிருந்து எடுக்காமல் பெட்டியைத் திறந்தேன். வால்வை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வெள்ளையாக நின்ற முதல் எழுத்திலிருந்து, ஒவ்வொன்றாக அவருக்குப் படித்துச் சொன்னேன்.